கொள்ளைநோய்க் காலமும் அரசியல் அங்கீகாரமும்: மண்டபம் முகாமை முன்வைத்து

உலகச் சுகாதாரப் பேரவையில் யாருக்கு இடம் உண்டு என்னும் வினா இன்று பெரும்பாலும் தைவானை முன்வைத்தே எழுப்பப்படுகிறது. 1972இல் சீனாவின் பிரதிநிதித்துவம் பெய்ஜிங் அரசுக்கு மாறியது முதல் தைவான் வெளியே நிற்கிறது. 2009 முதல் 2016 வரை பார்வையாளராக அழைக்கப்பட்டது. கோவிட் காலத்தில் அவ்வழைப்பும் இல்லை. இடம் பெற்ற அரசு யாருக்காகப் பேசுகிறது என்பது இதனோடு பிணைந்த மற்றொரு வினா. அதனை விளக்கத் தமிழகத்திலேயே சான்று உண்டு.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. மறு ஆண்டு வெனிஸில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு அந்நோயையே ஆராய்ந்தது. நோயுற்றோர் இந்தியர்; அங்கு இந்தியாவுக்காகப் பேசியதோ பிரிட்டிஷ் அரசு. அதே 1897இல் இந்தியாவிலும் இலங்கையிலும் தொற்றுநோய்ச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அச்சட்டங்களின் சுமை தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்மீது இறங்கியது. 1904இல் நிறுவப்பெற்ற இலங்கைத் தொழிலாளர் ஆணையம் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டது. திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களில் திரட்டப்பட்டோர் மண்டபம் முகாமில் சில நாள்கள் தடுத்துவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்ட பின்னரே கடல் கடக்க இயன்றது. முகாம் இந்திய மண்ணில் இருந்தது. நடத்தியது இலங்கை அரசு. கப்பலில் தம் செலவில் சென்ற வசதியுள்ள பயணியருக்கு இவ்வளவு கடுமை இல்லை என்பதும் கருதத்தக்கது.

1948 இவ்வரலாற்றின் திருப்புமுனை. அவ்வாண்டு ஜூலையில் இலங்கை உலகச் சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடாயிற்று. ஐ.நா. உறுப்பினர் அல்லாத அரசையும் பேரவையின் தனிப்பெரும்பான்மையால் சேர்த்துக்கொள்ள நிறுவனத்தின் சாசனம் இடந்தருகிறது. வீட்டோ அங்கு இல்லை. ஐ.நா. பாதுகாப்பு அவையிலோ, பிரிட்டனுடன் செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தைச் சுட்டி இலங்கையின் விடுதலையையே ஐயுற்றது சோவியத் ஒன்றியம். அதன் வீட்டோவால் ஐ.நா. உறுப்புரிமை 1955 டிசம்பர் வரை தள்ளிப்போயிற்று. ஆக, ஓர் அரசை முழு அரசாக ஏற்பதில் சுகாதார நிறுவனம் ஐ.நா.வை ஏழாண்டு முந்தியது.

அந்த 1948இன் நவம்பரில் நடைமுறைக்கு வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. மண்டபத்தில் தடுத்துவைக்கப்பட்டவர்களும் அவர்தம் மக்களுமே இவர்கள். ஜெனீவாவில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடம் இருந்தது. இவர்களைத் தம் குடிகளாக ஏற்க இரண்டு அரசுகளும் தயங்கின. உறுப்புரிமை அரசுக்கு உரியது என்னும் விதி தைவானில் ஒரு நிலப்பகுதியை வெளியே நிறுத்தியது என்றால், மலையகத்தில் உறுப்பு நாட்டுக்கு உள்ளேயே ஒரு மக்களை வெளியே நிறுத்தியது எனலாம்.

1961இல் புதுதில்லியில் கூடிய பதினான்காம் உலகச் சுகாதாரப் பேரவைக்குத் தலைமை ஏற்றவர் ஒரு தமிழர்: சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றோரை 9,75,000 எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு பின்னைக்கு ஒத்திவைக்கப்பட்டது.