கடையில் வாங்கிய பாகங்களில் ஒரு மேக்

மேக் ஓஎஸ் இயங்குதளத்தை ஆப்பிள் தன் சொந்தக் கம்ப்யூட்டர்களுக்காக மட்டுமே தயாரிக்கிறது. வேறு எதிலும் நிறுவக் கூடாது என்பது அதன் உரிம ஒப்பந்தத்திலேயே உண்டு. ஆனாலும் மதர்போர்டு, பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாக வாங்கிப் பூட்டிய பெட்டியில் அதை ஓட்டிக் காட்டுகிறவர்கள் இருபது ஆண்டுகளாக இருக்கிறார்கள். அப்படி உருவான கம்ப்யூட்டருக்கு ஹேக்கின்டாஷ் என்று பெயர்.

இதற்கு வழி திறந்துவிட்டது ஆப்பிள்தான். பவர்பிசி சிப்பைக் கைவிட்டு இன்டெலுக்கு மாறப்போவதாக ஸ்டீவ் ஜாப்ஸ் 2005 ஜூனில் அறிவித்தார். 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக்குகள் வந்தன. அதன்பின் மேக்கின் உள்ளே இருப்பதும் சாதாரண பிசியின் உள்ளே இருப்பதும் ஏறக்குறைய ஒரே குடும்பம்.

ஏறக்குறைய என்பதில்தான் எல்லாச் சிக்கலும். மின்விசிறி வேகத்தையும் வெப்பத்தையும் கவனிக்க, ஒவ்வொரு இன்டெல் மேக்கிலும் எஸ்எம்சி என்ற சிறிய சிப் இருந்தது. அதற்குள் ஒரு ரகசியச் சாவியையும் ஆப்பிள் பொதிந்து வைத்தது. ஃபைண்டர், டாக் போன்ற முக்கிய நிரல்கள் பூட்டிய வடிவிலேயே வரும்; சாவி கிடைத்தால்தான் திறக்கும். அந்தச் சோதனையைச் செய்யும் கோப்பின் பெயரே ‘டோன்ட் ஸ்டீல் மேக் ஓஎஸ் எக்ஸ்’.

தொடக்க காலத்தில் இயங்குதளத்தின் கோப்புகளையே வெட்டி ஒட்டினார்கள். அடுத்த அப்டேட் வந்ததும் அத்தனை உழைப்பும் வீணாகும். இன்று பரவலாகப் பயன்படும் ஓப்பன்கோர் என்ற பூட்லோடர் வேறு பாதையில் போகிறது. வட்டில் இருக்கும் மேக் ஓஎஸ்ஸை அது தொடுவதே இல்லை. இயங்குதளம் எழும்பும் முன்பே தான் எழுந்து, அது கேட்கப்போகும் கேள்விகளுக்கெல்லாம் பதிலைத் தயாராக வைக்கிறது. என்ன மாடல் என்று கேட்டால், 2019 ஐமேக் என்கிறது. எஸ்எம்சி எங்கே என்று கேட்டால், வர்ச்சுவல்எஸ்எம்சி என்ற சிறு நிரல் அந்த சிப்பாகவே நடந்துகொள்கிறது. மதர்போர்டு தன் பாகங்களைப் பற்றித் தரும் ஏசிபிஐ அட்டவணையில் மேக்குக்குப் புரியாத வரி இருந்தால், நினைவகத்தில் மட்டும் திருத்திக் கொடுக்கிறது. அசல் கோப்புகள் அசலாகவே இருக்கின்றன. இந்தத் துறையின் மிக அழகான யோசனை இதுதான்.

ஆனால் இல்லாத டிரைவரை எந்தப் பூட்லோடராலும் வரவழைக்க முடியாது. அதனால் ஹேக்கின்டாஷ் வேலை பாகங்களைத் தேர்வு செய்வதிலேயே பாதி முடிந்துவிடுகிறது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டைச் செருகினால் படம் வந்துவிடும். 2019 ஐமேக்கில் இருந்ததும் அதன் நெருங்கிய உறவுதான். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1080 வைத்திருந்தவர்களோ 2018-இல் மொஹாவி பதிப்பு வெளியானதுமே கைவிடப்பட்டார்கள். யுஎஸ்பி இன்னொரு தலைவலி. ஒரு கன்ட்ரோலருக்கு 15 போர்ட்டுகள்தான் என்பது மேக் ஓஎஸ்ஸின் வரம்பு. நீல நிற யுஎஸ்பி 3 துளை ஒவ்வொன்றும் இரண்டாகக் கணக்காகும். எது வேண்டும், எது வேண்டாம் என்று பென்டிரைவை ஒவ்வொரு துளையிலும் செருகிப் பார்த்துப் பட்டியல் போட வேண்டும். பொறுமையில்லாதவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

இதை வியாபாரமாக்கப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் சைஸ்டார் என்ற நிறுவனம் 2008-இல் மேக் ஓஎஸ் நிறுவிய பிசிக்களை விற்கத் தொடங்கியது. சில மாதங்களிலேயே ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. 2009-இல் தீர்ப்பு ஆப்பிள் பக்கம் சாய்ந்தது, 2011-இல் மேல்முறையீடும் தோற்றது.

நீதிமன்றத்தை விடப் பெரிய தடை 2020-இல் வந்தது. ஆப்பிள் தானே வடிவமைத்த எம்1 சிப்புக்கு மாறியது. அந்த சிப் எந்தக் கடையிலும் தனியாகக் கிடைக்காது. இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு, 2025-இல் வெளியான டஹோ. இதற்கிடையே ஓப்பன்கோரை அடிப்படையாகக் கொண்ட லெகசி பேட்சர் என்ற கருவி அசல் மேக்குகளுக்கே பயன்படத் தொடங்கியது. ஆப்பிள் 2019-இன் கேட்டலினாவோடு ஆதரவை நிறுத்திய 2012 மேக்புக் ப்ரோவில், அதன் உதவியால் 2023-இன் சொனோமா ஓடுகிறது.