கொப்புளத்துக்குள் எந்த வைரஸ்?

2022 மே மாதம் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் சின்னக் குழந்தைகளுக்குக் காய்ச்சலும் சிவந்த கொப்புளங்களும் பரவின. தக்காளிக் காய்ச்சல், புது வைரஸ் என்றெல்லாம் பயம் கிளம்பியது. கேரளம் வந்துவிட்டு பிரிட்டன் திரும்பிய இரண்டு குழந்தைகளைச் சோதித்தபோது அகப்பட்டது காக்சாக்கி ஏ16. கை, கால், வாய் நோயைத் தரும் பழைய வைரஸ்தான்!

இந்த நோயைத் தரும் வைரஸ்கள் பல. கொப்புளத்தைப் பார்த்து எதுவென்று சொல்லிவிட முடியாது. காக்சாக்கி ஏ6 வந்துபோன சில வாரங்களில் சில குழந்தைகளுக்கு நகம் கழன்று விழும். பதற வேண்டாம், புது நகம் முளைத்துவிடும். என்டிரோவைரஸ் 71 அப்படியல்ல, மூளையையும் தாக்கக்கூடியது. 1998இல் தைவானில் 78 பேர் இறந்த தொற்றலையில் முதன்மைக் காரணம் இதுதான்.

தொண்டையிலோ கொப்புளத்திலோ பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, ஆர்டி-பிசிஆர் செய்து, மரபணு வரிசையைப் படித்தால் வகை தெரிந்துவிடும். மலத்தில் மட்டும் வைரஸ் இருந்தால் அது பழைய தொற்றாகவும் இருக்கலாம். நோய் ஆறியும் வாரக்கணக்கில் மலத்தில் வைரஸ் வெளியேறும். கொப்புள நீரில் கிடைப்பதே உறுதியான சான்று.

குழந்தைக்கு அடிக்கடி உடல் தூக்கிப்போட்டாலோ, ஓயாமல் வாந்தி எடுத்துத் துவண்டாலோ, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.