மூன்று வருஷ மண்ணும் ஒரு வருஷக் குத்தகையும்

10 கிலோ பசுஞ்சாணம், 10 லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் தலா 2 கிலோ, கைப்பிடி வரப்பு மண், 200 லிட்டர் தண்ணீர். இரண்டு நாள் நிழலில் வைத்துக் கலக்கிவந்தால் ஒரு ஏக்கருக்கு ஜீவாமிர்தம் தயார். தலைமுறையாகச் சாணம் அள்ளிய நம் பெண்களுக்கு ஒருமுறை சொன்னாலே போதும்.

நாங்கள் போயிருந்த பயிற்சியில் சிக்கல் வேறு இடத்தில் கிளம்பியது. "மூணு வருஷத்துலதான் மண்ணு தேறும்ங்கிறீங்க. எங்களுக்கு நிலம் ஒரு வருஷத்துக்குத்தான். நாங்க தேத்தி வெச்சா, அடுத்த வருஷம் குத்தகைய ஏத்திடுவாங்களே சார்?" என்றார் ஒரு அக்கா. பயிற்றுநரிடம் பதில் இல்லை.

வாய்மொழிக் குத்தகைக்காரர் தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாள் காத்திருந்து மடக்கி உழ முடியுமா? யூரியா மூட்டைதான் கைக்கு வரும். அதை அறியாமை என்பது அநியாயம்.

1892 அரசாணைப்படி நமக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள், பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தும் கைமாறின. காரணை நிலத்துக்காக 1994-இல் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள்.

குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969 முதல் சட்டம் இருக்கிறது. படித்த பிள்ளைகள் ஊருக்கு மனு எழுதித் தரலாம். பழைய 'அ' பதிவேட்டில் 'டி.சி. நிலம்' என்ற குறிப்பைத் தேடலாம்.

அந்த அக்காவுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். தக்கைப்பூண்டு விதை 20 கிலோ வாங்கி வைத்திருக்கிறார். இன்னும் விதைக்கவில்லை.