தென்னந்தோப்பில் தொடங்கிய தொலையுணர்வு

செயற்கைக் கோள்களின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் ஏவுதளத்திலிருந்தே தொடங்குவர். ஆயின் நம் நாட்டில் தொலையுணர்வுத் துறை வேர்விட்ட இடம் ஏவுதளம் அன்று, கேரளத்துத் தென்னந்தோப்பேயாகும். அதற்கு வழிகாட்டியவர், அரசுப் பணியில் ஓய்வு பெற்றுவிட்ட ஒரு வானிலை அறிஞர். அவர்தாம் டாக்டர் பி. ஆர். பிஷாரடி.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்துக் கொல்லங்கோட்டில் 1909-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் பிறந்தவர் இவர். முதலில் கல்லூரி விரிவுரையாளர். கோடை விடுமுறை வந்தால் பெங்களூர் சென்று சர் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிவார். (விடுமுறையை இப்படியும் கழிக்கலாம் போலும்!) 1942-இல் வானிலைத் துறையில் சேர்ந்தார், 1954-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்றார். 1962-இல் புனேயில் வெப்ப மண்டல வானிலை ஆய்வுக் கழகம் தோன்றியபோது அதன் முதல் இயக்குநரானார்.

தென்மேற்குப் பருவமழைக்கு வேண்டிய நீராவியில் பெரும்பகுதி அரபிக் கடலிலேயே ஆவியாகிறது என்று 1965-இல் அவர் எழுதினார். நில நடுக்கோட்டைக் கடந்து வரும் நீராவியே மிகுதி எனப் பின்வந்த ஆய்வாளர்கள் மறுத்தனர். எனினும், கடற்பரப்பிலிருந்து எழும் ஈரத்தை அளந்தறிய வேண்டும் என்ற எண்ணத்தை வலுப்படுத்திய கட்டுரை அது.

1967-இல் ஓய்வு பெற்றவரை டாக்டர் விக்ரம் சாராபாய் அகமதாபாத் பௌதிக ஆய்வுக் கூடத்திற்கு அழைத்துக்கொண்டார். அப்போது நம்மிடம் செயற்கைக் கோள் ஒன்றும் இல்லை. கோள் வரட்டும் என்று பிஷாரடி காத்திருக்கவில்லை. கேரளத் தென்னைகளை நெடுங்காலமாக நலிவித்து வந்த வேர்வாடல் நோயை வானிலிருந்து கண்டறிய முடியுமா என்று சோதிக்க முற்பட்டார். இந்நோய் மரத்தை உடனே கொல்வதில்லை. ஓலை தொய்ந்து, காய்ப்புக் குன்றி, ஆண்டுக்கணக்கில் உடையவனை வாட்டும்.

1969-70-இல் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு வண்ணப் படச்சுருளில் தோப்புகளைப் படம் பிடித்தனர். இரண்டாம் உலகப் போரில், பச்சை வண்ணம் பூசி மறைத்த போர்த் தளவாடங்களைக் காட்டிக் கொடுக்கப் பயன்பட்ட படச்சுருள் வகை அது. இதன் தத்துவம் எளிது. பசிய இலையிலுள்ள பச்சையம் சிவப்பொளியை உட்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக் கதிர்களையோ இலையின் உள்ளிருக்கும் உயிரணு அடுக்குகள் பெருமளவு திருப்பி அனுப்பும். இலை நலிந்தால் இந்த விகிதம் மாறும். அப்படத்தில் அகச்சிவப்பு சிவப்பு நிறமாகப் பதிவதால், நல்ல மரம் செக்கச் செவேலென்றும் நோயுற்ற மரம் வெளிறியும் தோன்றும். பச்சை மரம் சிவப்பாய்த் தெரிவது முதலில் பார்ப்போருக்கு வேடிக்கையாகவே இருக்கும்!

படத்தை மட்டும் நம்பிவிட முடியாது. எந்த மரம் எந்தப் புள்ளி என்று தரையில் சென்று ஒப்பிட்டாக வேண்டும். அதனால்தான் தென்னையைத் தேர்ந்தது நல்ல தேர்வு என்பேன். தனித்தனியே நிற்கும் மரம். அருகில் சென்று சரிபார்க்கலாம். பயனோ எந்த விவசாயிக்கும் விளங்கும். வேளாண் விஞ்ஞானிகளுடன் இணைந்து எழுதிய ஆய்வுரை 1971-இல் வெளிவந்தது.

1972 முதல் 1975 வரை அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் தொலையுணர்வு, செயற்கைக் கோள் வானிலையியல் பிரிவுகளுக்கு இயக்குநராயிருந்தார். பின்னர் 1979-இல் பாஸ்கரா-1, 1988 மார்ச் 17-இல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ என நம் கோள்கள் வரிசையாகச் சென்றன. ஐ.ஆர்.எஸ்.-1ஏ படத்தின் ஒரு புள்ளி, அதன் கூரிய கருவியில்கூட, ஏறத்தாழ 36 மீட்டர் சதுரம். ஏழரை மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பில் அதனுள் 20-க்கு மேற்பட்ட மரங்கள் அடங்கிவிடும்! தனி மரத்தைக் காட்டிய ஹெலிகாப்டரின் வேலையை அக்கோளால் செய்ய இயலாது. ஆனால் 22 நாட்களுக்கு ஒருமுறை நாடு முழுவதையும் அது பார்த்துவிடும்.

உலக வானிலை அமைப்பின் மிக உயர்ந்த பரிசு 1989-இல் பிஷாரடிக்குக் கிடைத்தது. 2002-இல் புனேயில் காலமானார். வேர்வாடலுக்கு இன்றும் மருந்தில்லை. கம்பம், செங்கோட்டை, பொள்ளாச்சிப் பகுதிகளில் 'கேரளா வாடல்' என்ற பெயரில் அது நம் தோப்புகளுக்கும் வந்துவிட்டது. நோயுற்ற மரத்தைக் காலத்தே அடையாளங்கண்டு அகற்றுவதே இப்போதும் விவசாயிகளுக்குச் சொல்லப்படும் முதல் யோசனை.