பத்திரத்தை மடித்து வையுங்கள்!

பள்ளிபாளையம் படிப்பகத்தில் சென்ற கிழமை நாம் அமர்ந்திருந்தபோது, மஞ்சள் துணிப்பை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தோழர் ஒருவர் வந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர். இரவு ஷிப்டு முடித்து, வீட்டுக்கும் போகாமல் நேரே வந்திருக்கிறார். தலைமுடியில் பஞ்சு, கண்ணிலே உறக்கம், முகத்திலோ முடிவெடுத்துவிட்டவரின் இறுக்கம்.

"ஏனுங்க தம்பி, இந்தப் பத்திரத்தை வெச்சா எவ்வளவுங்க கொடுப்பாங்க?"

"வீட்டுப் பத்திரமா? எதற்கண்ணா?"

"பையனுக்குங்க. பட்டாளத்துல ஆபீசர் வேலை. நாலு லட்சம் கொடுத்தா முடிச்சுத் தர்றேன்னு ஈரோட்டுல ஒருத்தர் சொல்றாருங்க. பையன் போன தடவை பெங்களூர் போய்ட்டு அன்னைக்கே திரும்பி வந்துட்டானுங்க. அதுலேர்ந்து யாரோடயும் பேசறதில்லீங்க."

தோழர்களே! அந்தப் பைக்குள் இருந்தது காகிதமல்ல. இருபது ஆண்டுக் காலம் தறிக்கும் அவருக்கும் நடந்த மல்லுக்கட்டிலே மிஞ்சிய இரண்டே கால் சென்ட் நிலம், அதன்மேல் ஓட்டு வீடு ஒன்று. அதைத் தூக்கி, முகமறியாத ஒரு தரகனின் மடியிலே போடத் துணிந்துவிட்டார் தந்தை. பாசம் கண்ணை மறைத்தது என்பீர்கள். பாசம் மட்டுமன்று. எப்படிச் சேர்வது, யார் சேர்க்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்பதை இதுவரை யாரும் அவருக்கு எடுத்துச் சொன்னதில்லை. தெரியாத இடத்தில்தான் தரகன் கடை விரிக்கிறான். எனவே, அன்று அந்தத் தோழருக்கு நாம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறோம். அவரைப்போல் பத்திரத்தைத் தேடிக்கொண்டிருப்பவர் இன்னும் எத்தனை பேரோ!

பட்டாளம் என்றதும் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவது மைதானத்தில் மார்பளவு எடுத்து, ஓடவிட்டு ஆளெடுக்கும் காட்சி. அது சிப்பாய்க்கு. அதிகாரிக்கு வழி வேறு, வாசல் வேறு. அந்த வாசல் நெடுங்காலம் நமக்குத் திறந்ததில்லை. 1932-ஆம் ஆண்டு டேராடூனில் இந்திய இராணுவ அகாடமி திறக்கப்படும் வரையில், அதிகாரிப் பதவி நாடிய இந்தியர் பெரும்பாலும் இங்கிலாந்துக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. பள்ளிபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் திருச்செங்கோடு. அதனருகே குமாரமங்கலம். அந்த மண்ணின் ஜமீன் குடும்பத்துப் பிள்ளைதான் 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் பி.பி. குமாரமங்கலம். அவர் படித்தது எங்கே? ஈட்டன் பள்ளியிலே, வுல்விச் இராணுவக் கல்லூரியிலே! திறமைசாலி, மறுக்கவில்லை. ஆனால் அதே திருச்செங்கோட்டுப் பக்கத்தில் அன்று தறிக்குழியில் கால் வைத்திருந்தவனின் மகனுக்கு வுல்விச் எந்தத் திசை என்றாவது தெரிந்திருக்குமா?

இன்னொன்றும் உண்டு. வீரம் சில இனங்களுக்கே பிறவிச் சொத்து என்று வெள்ளைக்காரன் ஒரு கதை கட்டினான். 1758-லேயே வேர்விட்ட சென்னைப் படையைச் சிறுகச் சிறுகக் குறைத்தான். 1928-க்குள் அதன் காலாட்படைப் பட்டாளங்கள் கலைக்கப்பட்டுவிட்டன. பிறகு உலகப் போர் வந்தது, ஆள் தேவைப்பட்டது. 1941-ல் 'மதராஸ் ரெஜிமெண்ட்' மீண்டும் எழுந்தது! தேவை வந்ததும் வீரம் திரும்பி வந்துவிட்டதாம்.

இனி, இன்றைய வாசலுக்கு வருவோம். 1962-ல் சீனப் போர். படையிலே அதிகாரிகள் போதவில்லை. 1963-ல் நம் பரங்கிமலையிலேயே அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1988 முதல் அதற்கு அகாடமி என்று பெயர். கிண்டி தாண்டி மின்சார ரயிலில் போகிறவர்கள் நாள்தோறும் அந்தப் பக்கம் கடக்கிறார்கள். 1987-ல் இலங்கையில் உயிர்நீத்துப் பரம்வீர் சக்கரம் பெற்ற மேஜர் பரமேசுவரன் அங்கே பயின்றவர். 2014-ல் காஷ்மீரத்தின் சோபியானில் வீழ்ந்து அசோகச் சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனும் அங்கே பயின்றவர்தான். 'அமரன்' படம் பார்த்துக் கண்ணீர் விட்டோமே, அவரேதான். படத்துக்கு நுழைவுச் சீட்டு வாங்கத் தெரிந்த நமக்கு, பயிற்சிக்கு விண்ணப்பிக்கத் தெரியவில்லை.

விண்ணப்பத்துக்கு எவ்வளவு செலவு தெரியுமா? தறிக்காரத் தோழரிடம் கேட்டோம். "ஒரு பத்தாயிரம் ஆகுங்களா?" என்றார். இருநூறு ரூபாய்! பட்டியல் இனத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் பெண்களுக்கும் அதுவும் இல்லை. ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு என்று பெயர். யூ.பி.எஸ்.சி. எனும் மத்தியத் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. சென்னையிலும் மதுரையிலும் தேர்வு எழுதலாம். பரங்கிமலைக்குப் போக ஏதேனும் ஒரு பட்டம் போதும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. வயது 25-ஐத் தாண்டினால் கதவு மூடும். பிறந்த தேதி எதிலிருந்து எதுவரை என்பதை ஒவ்வொரு அறிவிக்கையிலும் அச்சிட்டிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும். ஆங்கிலம் 100, பொது அறிவு 100, ஆக இரண்டே தாள்கள். டேராடூனுக்கும் கடற்படை, விமானப்படைக்கும் கணக்குத் தாள் ஒன்று கூடுதல். தவறான விடை ஒவ்வொன்றுக்கும், அதன் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். எனவே குருட்டாம்போக்கில் வட்டம் நிரப்புகிற வேலை வேண்டாம்.

பெயரை எழுதும்போது கவனம்! பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும். நம் பிள்ளைகளுக்கு ஒரு சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால், ஆதாரிலோ தந்தை பெயரே விரிந்து கிடக்கும். பின்னால் அலைய வேண்டியது இதனால்தான். சில படிவங்கள் குடும்பப் பெயர் கேட்கும். சாதி வாலை வெட்டி எறிந்தவர்கள் நாம், அந்தக் கட்டத்தைக் கண்டு மலைக்க வேண்டாம், தந்தை பெயர் இருக்கவே இருக்கிறது. எழுத்துத் தேர்வில் தேறியவுடன் தரைப்படையின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் மறுபடியும் பதிவு செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் அழைப்பு வரும் வரும் என்று வீட்டில் காத்திருந்து ஏமாந்த பிள்ளைகள் உண்டு.

இங்கே ஒரு கேள்வி கேட்காமல் நகர முடியவில்லை. பொது அறிவுத் தாளையும் கணக்குத் தாளையும் எந்த மொழியில் அச்சிடுகிறார்கள்? ஆங்கிலத்தில், இந்தியில். கான்பூர்ப் பிள்ளை தாய்மொழியில் கேள்வியைப் படிக்கிறான். பள்ளிபாளையத்துப் பிள்ளை கடன் வாங்கிய மொழியில் படித்து, மனத்துக்குள் தமிழாக்கி, மீண்டும் விடை தேடுகிறான். கடிகாரமோ இருவருக்கும் ஒன்றே! மத்திய ஆயுதக் காவல் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வை 2024 முதல் தமிழிலும் எழுதலாம் என்றாக்கினார்கள். மகிழ்ச்சி. கான்ஸ்டபிளாக நிற்கத் தமிழ் போதும், அதிகாரியாக நடக்க மட்டும் ஆகாதா? இதைக் கேட்டுக்கொண்டேயிருப்போம். கேட்டுக்கொண்டே, பிள்ளைகளைத் தேர்வுக்கும் அனுப்புவோம். உரிமை கிடைக்கும் வரையில் பரீட்சை எழுதமாட்டேன் என்றால் வயதுதான் போகும்.

பையனை அழைத்துவரச் சொன்னோம். மாலையில் வந்தான். கணிதத்தில் பட்டம் பெற்றவன், வயது 22. தலை நிமிரவேயில்லை.

"பெங்களூரில் என்னப்பா நடந்தது?"

மெல்ல மெல்லச் சொன்னான். முதல் நாளே சல்லடை. முதலில் அறிவுக்கூர்மைச் சோதனை. அதை நன்றாகவே செய்திருக்கிறான். பின்னர் மங்கலான படமொன்றைத் திரையில் முப்பது வினாடி காட்டுகிறார்கள். பார்த்ததைக் கதையாக எழுத வேண்டும். அப்புறம் பத்துப் பதினைந்து பேரை வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொருவராகத் தம் கதையை ஆங்கிலத்தில் சொல்லி, எல்லோரும் பேசி ஒரு பொதுக்கதைக்கு வரவேண்டும். அங்கேதான் மீன் சந்தை! ஆளுக்கு ஆள் கத்த, இவன் வாய் திறக்கவில்லை. மாலையில் தேறியவர் எண்களைப் படித்தார்கள். இவன் எண் இல்லை. மூட்டையைக் கட்டினான்.

"என் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிச்சிருவாங்களோன்னு இருந்துச்சுங்கண்ணா" என்றான்.

நமக்குச் சிரிப்பு வரவில்லை. முதன்முதலில் மேடையேறிய அன்று நம் முழங்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டது நினைவுக்கு வந்தது. ஒலிபெருக்கிக்காரர் கம்பியைத் தாழ்த்திவிட்டு "பேசுங்க" என்றார். தண்ணீர் கேட்டோம், அதுதான் அன்றைய நம் சொற்பொழிவு!

சல்லடையில் நின்றவர்களுக்கு மேலும் நான்கு நாட்கள். உளவியல் சோதனையில் பன்னிரண்டு படங்களுக்குக் கதை எழுத வேண்டும், கடைசிப் படம் வெறும் வெள்ளை. சொல் ஒன்றுக்குப் பதினைந்து வினாடியாக அறுபது சொற்கள் காட்டுவார்கள், ஒவ்வொன்றையும் கண்டவுடன் மனத்தில் எழுவதை எழுத வேண்டும். வெளியே மைதானத்தில் பலகை, கயிறு, பீப்பாய் கொடுத்து, தரையைத் தொடாமல் குழுவோடு கடக்கச் சொல்வார்கள். மூன்று நிமிடம் ஆயத்தமாகி மூன்று நிமிடம் பேசும் சிறு சொற்பொழிவும் உண்டு. தனியே அதிகாரி ஒருவர் நேர்முகம் காண்பார். இறுதி நாளில் எல்லா அதிகாரிகளும் கூடி முடிவு செய்வார்கள். பிறகு மருத்துவச் சோதனை. எழுத்துத் தேர்வுக்கு எத்தனை மதிப்பெண்ணோ அத்தனையே இந்த ஐந்து நாளைக்கும்: பரங்கிமலைக்கு 200, 200. தங்க இடமும் உணவும் அவர்களே தருகிறார்கள். முதன்முறை செல்பவருக்கு ரயில் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

தந்தை குறுக்கிட்டார். "அப்ப அந்த ஈரோட்டுக்காரர் யாருக்குங்க பணம் கொடுப்பாரு?"

அதுதானே கேள்வி! உளவியலார் ஒருவர், மைதானத்தில் சோதிப்பவர் ஒருவர், நேர்முகம் காண்பவர் ஒருவர். கடைசி நாள் வரையில் ஒருவர் போட்ட மதிப்பை மற்றவர் அறியார். ஊழலே நடக்காத இடம் என்று நாம் சத்தியம் செய்யவில்லை. 2021 மார்ச்சில் அதிகாரிகள் தேர்விலேயே லஞ்சம் நடந்ததாக இராணுவத்தினர் பலர்மீது மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. ஆனால் ஈரோட்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பேர்வழிக்குப் பெங்களூரில் வாயிற்காவலரைக்கூடத் தெரிந்திராது. பத்துப் பேரிடம் வாங்குவான். தன் முயற்சியால் ஒருவன் தேறினால் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு "நான் முடித்தேன்" என்பான். மற்ற ஒன்பது பேருக்கும் தவணை சொல்வான். ஆள் உண்மையாகவே லஞ்சம் கொடுப்பவனாக இருந்தாலோ, வீடும் போய் வழக்கும் வரும்.

பையன் கையில் நோட்டு ஒன்று வைத்திருந்தான். தேர்வு வாரியத்தில் நிரப்ப வேண்டிய விவரப் படிவத்துக்கு வீட்டிலேயே எழுதிப் பழகியது. தந்தை தொழில், வருமானம், பொழுதுபோக்கு, படித்த பள்ளி என்று எல்லாம் ஆங்கிலத்தில். வாங்கிப் புரட்டினோம். 'தந்தை தொழில்' என்ற இடத்தில் 'பிசினஸ்' என்றிருந்தது.

தந்தை பக்கத்திலேயே இருந்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது அவருக்கு. மகன் எழுத்தைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். நாம் படித்துக் காட்டவில்லை. பையனை மட்டும் பார்த்தோம். அவன் முகம் கறுத்துவிட்டது.

அவரை டீ சொல்லிவர அனுப்பிவிட்டுப் பேசினோம். "நேர்முகத்தில், உங்கள் அப்பா என்ன வணிகம் செய்கிறார் என்று கேட்டால் என்ன சொல்வாய்? இரண்டாம் கேள்வியில் பொய் முறியும், மூன்றாம் கேள்வியில் நீ முறிவாய். தறி எப்படி ஓடும், பாவு அறுந்தால் எப்படி முடிவது, கரண்டு போனால் கூலி என்ன ஆகும், நூல் விலை ஏறினால் யார் வயிறு காயும், இவையெல்லாம் உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்கண்ணா. லீவு நாள்ல நானும் ஓட்டுவேன்."

"இதைச் சொல்ல வேறெவன் இருக்கிறான் அந்த வரிசையில்?"

அவன் பதில் சொல்லவில்லை. பேனாவை எடுத்தான். அடித்துவிட்டு எழுதினான். பார்க்கக் கேட்கவில்லை நாம்.

வயது இருக்கும்வரை அவன் மீண்டும் எழுதலாம். இத்தனை முறைதான் என்ற வரம்பு இந்தத் தேர்வுக்கு இல்லை. தேறினால் பரங்கிமலையில் 49 வாரப் பயிற்சி. பயிற்சியின்போதே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. அது முடிந்ததும் லெப்டினண்ட். பத்தாண்டுப் பணி, விரும்பினால் மேலும் நான்காண்டு. பெண்களும் 1992 முதல் அங்கே பயில்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்போடு போகிற கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாடமியில், உச்சநீதிமன்றம் 2021-ல் தலையிட்ட பின்னர், 2022-ல் பெண்கள் சேர்ந்தார்கள். மகளுக்கு என்ன பட்டாளம் என்று கேட்கும் தோழர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க. கல்லூரியில் என்.சி.சி.யில் 'சி' சான்றிதழ் பெற்றவர்க்கு எழுத்துத் தேர்வே இல்லாத வழியும் உண்டு. சிறுவர்களுக்கு, உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இருக்கிறது.

டீ வந்தது. தந்தை பத்திரத்தைப் பையிலிருந்து எடுத்தார், ஒருமுறை தடவிப் பார்த்தார், பழைய மடிப்பிலேயே மடித்தார். "வீட்டுல அம்மணிகிட்ட சொல்லாம எடுத்துட்டு வந்துட்டனுங்க. அவ பாக்கறதுக்குள்ள பீரோவுல வெச்சரணும்" என்று எழுந்தார்.

படிப்பகத்துத் தோழர்கள் அன்றே ஓர் ஏற்பாடு செய்துவிட்டார்கள். ஞாயிறுதோறும் மாலை ஆறு மணிக்கு, பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து, ஆளுக்கு மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் பேசுவது. பிழை வந்தால் வரட்டும், சிரிக்கிறவர் அடுத்துப் பேச வேண்டும் என்பது விதி! முதல் ஞாயிறன்று ஒன்பது பேர் வந்தார்கள், அவர்களில் மூவர் பெண்கள். தறிக்காரர் மகன் நான்காவதாகப் பேசினான். ஒன்றரை நிமிடம் தாக்குப் பிடித்தான். விளக்கு ஒன்றுதான் எரிகிறது அங்கே. இன்னொரு விளக்கும் ஆறு நாற்காலியும் வேண்டும். கிளைச் செயலாளர் கவனிக்க.