58 வயதிலும் வாத்தியார் வேலைக்கு விண்ணப்பிக்கலாம்!

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் 1880-ல் ஓய்வு பெற்றபோது, தன் இடத்துக்கு உ.வே.சாமிநாதையரைச் சிபாரிசு செய்தார். கல்லூரிப் பேராசிரியர்கள் முன்னால் சில பாடல்களைச் சொல்லி, அவற்றுக்குப் பொருளும் சொன்னார் உ.வே.சா. வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் 50 ரூபாய். அப்போது அவருக்கு வயது 25.

அதே கும்பகோணத்திலும், தஞ்சாவூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டையிலும் இன்று ஐம்பதைத் தொட்டவர்கள் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். தமிழக அரசு 2023-ல் நேரடி நியமனத்துக்கான வயது வரம்பைப் பொதுப்பிரிவினருக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்தியது. ஓய்வு வயதோ 60. அதாவது, 58-ல் சேருகிறவர் கைவசம் இருப்பது இரண்டே வருடம்! கல்வியாண்டின் நடுவில் 60 முடிந்தால், அந்த ஆண்டு முடியும்வரை மறுநியமனம் உண்டு. கூட்டிப் பார்த்தாலும் அவ்வளவுதான்.

'இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?' என்று இவர்களைக் கேட்பது நியாயமில்லை. பி.எட். முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, சீனியாரிட்டி வரும் என்று காத்திருந்த தலைமுறை இது. இடையில் தனியார் பள்ளியில் குறைந்த சம்பளம், மாலையில் டியூஷன், கொஞ்சம் நிலம் இருந்தால் குறுவை, சம்பா. வரிசை நெருங்கும் நேரத்தில் 'டெட்' எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது.

2012 ஜூலையில் நடந்த முதல் டெட், பலருக்கு இன்னும் மறக்கவில்லை. 150 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரம். ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதி, தேறியவர்கள் 2,500 பேர்கூட இல்லை. அக்டோபர் மறுதேர்வில் நேரத்தை மூன்று மணியாக்கினார்கள்.

பாஸ் செய்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. 'வெயிட்டேஜ்' வந்தது. டெட் மதிப்பெண்ணுக்கு 60, மீதி 40 பிளஸ் டூ, டிகிரி, பி.எட். மதிப்பெண்களுக்கு. பிளஸ் டூவில் மார்க்கை அள்ளி வழங்காத காலத்தில் படித்தவர்கள், நேற்றுப் படித்து வந்த பிள்ளைகளோடு அந்த மார்க்கை வைத்துப் போட்டியிட வேண்டியிருந்தது. 2018-ல் அதுவும் போய், டெட் தேறியவர்களுக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு என்றார்கள். அந்த முறையில் பட்டதாரி ஆசிரியர் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரியில்தான். நடுவே 2020-ல் வயது வரம்பை 40, 45 என்று குறைத்ததும் நடந்தது. அதுவரை 57 வயது வரை விண்ணப்பிக்க முடிந்தவர்கள் ஒரே நாளில் வெளியே நின்றார்கள். பரீட்சை எழுதாமல் வயதானவர்கள் இல்லை இவர்கள். பரீட்சை மாறி மாறி வந்ததில் வயதானவர்கள்.

இப்போது தேர்வறையில் இவர்களுக்குத் துணையும் கிடைத்திருக்கிறது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் டெட் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வருடம் நவம்பர் நடுவில் டெட் நடந்தது. டெல்டாவில் சம்பா வயலில் தண்ணீர் தளும்பும் அடைமழைக் காலம். இருபது வருடம் பாடம் நடத்தியவரும், இருபது வருடம் வேலைக்குக் காத்திருந்தவரும் குழந்தை உளவியலை ஒரே நேரத்தில் மனப்பாடம் செய்ய வேண்டிய நிலை.

ஆன்லைன் விண்ணப்பத்தில் ஓ.டி.பி., போட்டோ அளவு எல்லாவற்றையும் வீட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். சான்றிதழில் அப்பா இன்ஷியல், ஆதாரில் கணவர் இன்ஷியல் என்று சிக்கிக்கொள்ளும் பெண்கள், அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே சரிசெய்துவிடுவது நல்லது.

அதைவிடப் பெரிய அலைச்சல், தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவிகித ஒதுக்கீட்டில் இருக்கிறது. 2020-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழில் படித்ததற்குச் சான்று வேண்டும். நாற்பத்தைந்து வருடத்துக்கு முன் பலகையும் குச்சியுமாகப் போன கிராமத்துப் பள்ளிக்குத் திரும்பிப் போய், பழைய சேர்க்கைப் பதிவேட்டில் தன் பெயரைத் தேடச் சொல்ல வேண்டும். பெயர் கிடைத்து, சான்றிதழில் கையெழுத்துப் போடும் தலைமையாசிரியர், வந்தவரைவிட வயதில் இளையவராகவும் இருக்கலாம்.