நெல்லூர் மாட்டின் கறி கடினமா? பிரேசில் பண்ணைகள் சொல்லும் கணக்கு

பிரேசில் நாட்டில் ‘வியாட்டினா-19’ என்ற பசுவின் மூன்றில் ஒரு பங்கு உரிமை மட்டும் 2023-ம் ஆண்டில் ஏறக்குறைய 70 லட்சம் பிரேசில் ரியாலுக்கு ஏலம் போனது. அந்தக் கணக்கில் முழுப் பசுவின் மதிப்பு அப்போது 40 லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டியது. 1,100 கிலோ எடையுள்ள அந்தப் பசு, நம் பக்கத்து நெல்லூர் இனம் என்ற குறிப்போடு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. அதிலிருந்து வாசகர்கள் இரண்டு கேள்விகளை மாறி மாறிக் கேட்கிறார்கள். ‘இந்த விலை போகும் மாட்டின் கறி அவ்வளவு ருசியா?’ என்பது ஒன்று. ‘திமில் உள்ள மாட்டின் கறி ரப்பர் மாதிரி இருக்கும் என்கிறார்களே, பிறகு ஏன் பிரேசில்காரன் அதையே வளர்க்கிறான்?’ என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. அந்த விலை கறிக்கானது அல்ல. அதன் கருமுட்டைக்கும், அதிலிருந்து உருவாக்கும் கருவுக்கும் உள்ள விலை. இரண்டாவது கேள்விதான் விவசாயிகள் விரிவாகத் தெரிந்துகொள்ள வேண்டியது.

அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இருந்த ஓங்கோல் பகுதி மாடுகள்தான் கப்பலேறின. 1868-ல் இங்கிலாந்து போகும் வழியில் ஒரு கப்பல் பிரேசிலின் சால்வடார் துறைமுகத்தில் நின்றபோது, அதிலிருந்த ஒரு ஜோடி அங்கேயே விற்கப்பட்டது என்பதிலிருந்து இந்தக் கதையைத் தொடங்குவார்கள். கடைசிப் பெரிய இறக்குமதி 1960-களின் தொடக்கத்தில் நடந்தது. அப்போது போன ‘கர்வாடி’ என்ற காளையின் வம்சம் இன்றும் அங்கே பேசப்படுகிறது. இப்போது பிரேசிலில் 20 கோடிக்கும் மேல் மாடுகள் உண்டு. அவற்றில் பெரும்பகுதி நெல்லூர் அல்லது அதன் கலப்பு. இங்கே வண்டிக்கும் உழவுக்கும் பாலுக்கும் என்று இருந்த இனம், அங்கே போய்க் கறி மாடாக மாறியது.

வெட்டிய பிறகு தசையில் நடப்பது

மாட்டை வெட்டிய பிறகும் தசையில் வேலை நின்றுவிடுவதில்லை. தசையில் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து லாக்டிக் அமிலமாக மாறுகிறது. அதனால் பி.ஹெச். அளவு 7-லிருந்து 5.5 வரை இறங்குகிறது. சில மணி நேரத்தில் தசை விறைக்கிறது. பிறகு கால்பெயின் என்ற நொதி, தசை இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் புரதங்களை மெல்ல அறுக்கிறது. கறியைக் குளிர் அறையில் ஒன்றிரண்டு வாரம் வைத்திருந்தால் மென்மையாவது இதனால்தான். இந்தக் கால்பெயினுக்குக் கடிவாளம் போல இன்னொரு புரதம் இருக்கிறது. அதன் பெயர் கால்பாஸ்டாட்டின். திமில் உள்ள இனங்களில் இந்தக் கடிவாளத்தின் பிடி அதிகம். எனவே அறுபடும் வேலை மந்தமாக நடக்கிறது. கறி மென்மையாவதும் குறைகிறது.

தசைக்குள் பளிங்குக் கோடு போல ஓடும் கொழுப்பும் நெல்லூரில் குறைவு. ஜப்பானின் வாக்யு மாட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்தக் கொழுப்புதான். ‘பெல்ஜியன் புளூ’ மாட்டின் கதை வேறு. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் என்ற மரபணு அதில் பழுதாகி இருப்பதால் தசை இரட்டிப்பாகத் திரள்கிறது. கொழுப்பும் குறைவு, ஜவ்வும் குறைவு. ஆனால் கன்று பெரிதாக இருப்பதால் பெரும்பாலான பசுக்களுக்கு வயிற்றைக் கிழித்துத்தான் பிரசவம் பார்க்க வேண்டும். அந்த இனத்தைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆஸ்திரேலியாவில் கறியைத் தரம் பிரிக்கும்போது திமிலின் உயரத்தை அளவுகோல் வைத்து அளக்கிறார்கள். திமில் உயர உயர மென்மைக்கான மதிப்பெண் குறையும். இந்த வேறுபாடு முதுகுத் தண்டை ஒட்டிய கறியில்தான் நன்றாகத் தெரியும். அதைத்தான் மேல்நாட்டினர் துண்டு போட்டு, நெருப்பில் சில நிமிடம் வாட்டிச் சாப்பிடுகிறார்கள். கால் பகுதித் தசையை எடுத்துக்கொண்டால், நாள் முழுக்க உழைக்கும் தசை அது. அதில் ஜவ்வு அதிகம். எந்த இனமானாலும் மெதுவாக வேக வைத்தால்தான் ஜவ்வு கரைந்து கூழாகும். ஆக, ‘திமில் மாட்டின் கறி கடினம்’ என்ற தீர்ப்பு பெரும்பாலும் வாட்டிச் சாப்பிடும் துண்டை வைத்துச் சொன்னது. மணிக்கணக்கில் குழம்பில் கொதிக்கும் கறிக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது.

பிரேசில்காரர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். மற்ற நாட்டில் குறையாகப் பார்க்கும் திமிலையே அவர்கள் ‘குப்பின்’ என்ற பெயரில் தனிக்கறியாக விற்கிறார்கள். அந்தத் தசையில் கொழுப்பும் ஜவ்வும் பின்னிக் கிடக்கும். தாளில் சுற்றிப் பல மணி நேரம் மெதுவாகச் சுட்டால் நார் நாராகப் பிரிந்து வரும். திமில் இல்லாத ஐரோப்பிய மாட்டில் இந்தக் கறி கிடைக்காது.

இனத்தை மாற்றாமல் மாற்றியவை

வெயில், உண்ணி, காய்ந்த புல் மூன்றையும் தாங்கும் மாட்டை விட்டுவிட முடியாது. எனவே இனத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சரிசெய்தார்கள். அதில் முக்கியமானது வயது. புல்லை மட்டும் தின்று மூன்று, நான்கு வயதில் விற்பனைக்கு வந்த மாடுகளை, கடைசி மாதங்களில் அடர்தீவனம் கொடுத்து முன்னதாகவே தேற்றுகிறார்கள். வயது ஏற ஏற ஜவ்வின் பின்னல் இறுகும். பிறகு எவ்வளவு வேக வைத்தாலும் கரையாது. சீனா 30 மாதத்துக்கு உட்பட்ட மாட்டின் கறியை மட்டுமே வாங்குகிறது. அது நோய் பயத்தால் வந்த விதி என்றாலும், இளம் மாட்டுக்குக் கூடுதல் விலை கிடைக்க வழி செய்துவிட்டது.

அங்கஸ் காளையின் விந்தை நெல்லூர் பசுவுக்குச் செலுத்திக் கலப்புக் கன்று எடுக்கும் வழக்கமும் பரவியிருக்கிறது. அங்கஸ் காளை அந்த வெயிலில் மந்தையோடு அலைந்து வேலை செய்யாது. அதனால் சினை ஊசிதான் வழி.

மூன்றாவது, மாட்டின் மிரட்சி. 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின் குழுவினர் திமில் இனக் கலப்பு மாடுகளைக் கவனித்தார்கள். முரண்டு பிடிக்கும் மாட்டின் கறி கடினமாகவும், நிறம் கறுத்தும் இருந்தது. சாந்தமான மாட்டின் கறி மென்மையாக இருந்தது. காரணம் கிளைக்கோஜன்தான். மிரண்டு ஓடிய மாடு அதைச் செலவழித்துவிடுகிறது. அமிலம் ஊறுவதில்லை, பி.ஹெச். இறங்குவதில்லை. கறி கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெட்டும்போகிறது.

ஆட்டுக்கும் இதே கணக்கு

இது வெள்ளாடு, செம்மறிக்கும் பொருந்தும். நம் ஊரில் காலையில் அறுத்த கறி மதியம் குழம்பாகிவிடுகிறது. கால்பெயின் வேலை செய்ய நேரமே இல்லை. எனவே நம் ஆட்டின் மென்மையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வயதும், அது அறுபடும் முன் இருந்த நிலையும்தான். போயர் கலப்பு கறி மெத்தென்று இருக்கும் என்று சொல்லிக் கிடா விற்பவர்களிடம், கலப்பினால் கூடுவது முதலில் எடைதான் என்பதை நினைவில் வைத்துப் பேரம் பேசலாம். பால் பல் விழாத கொடி ஆட்டுக்கறி, கடைப்பல் சேர்ந்த போயர் கலப்பைவிட மென்மையாகவே இருக்கும்.

முதல் இரண்டு நிலைப்பற்கள் ஒன்று முதல் ஒன்றரை வயதில் முளைக்கும். கறிக்கு விற்கும் கிடாவை அதற்கு முன்பே தேற்றிவிட வேண்டும். வயது கூடும்வரை வைத்திருப்பதானால் காயடித்துவிட்டால் மொச்சை வாடை இருக்காது. சந்தைக்குக் கொண்டுபோகும்போது நான்கு காலையும் கட்டி, இருசக்கர வாகனத்தில் தலைகீழாகத் தொங்கவிடுவது கிளைக்கோஜனைக் கரைக்கும் வேலை. முதல் நாள் மாலையே கொண்டுபோய், நிழலில் தண்ணீர் காட்டி, பழகிய ஆடுகளோடு சேர்த்து ஓய்வாக நிறுத்தினால் போதும்.

பிரேசில் விவசாயி 15 கிலோ கொண்ட ‘அரோபா’ கணக்கில், உரித்த கறியின் எடைக்குப் பணம் வாங்குகிறார். நம் சந்தைகளில் ஆட்டின் முதுகைத் தடவிப் பார்த்து, துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆட்டை எடை போட்டு, பல்லையும் பார்த்து விலை சொல்லும் வியாபாரி கிடைத்தால், இளங்கிடா வைத்திருப்பவர்கள் அவரைத் தேடிப் போவதே லாபம்.